தமிழ்ப் பக்க அமைப்புக் கோப்புகள்: பேஜ்மேக்கர் முதல் ஒருங்குறி வரை

ஒரு பக்க அமைப்பு மென்பொருளில் உருவாக்கிய கோப்பை, அதே மென்பொருளின் வேறொரு பதிப்பிலோ வேறு மென்பொருளிலோ திறந்து, எழுத்தும் படமும் பக்கமும் மாறாமல் பெறுவது கோப்புப் பரிமாற்றம் எனப்படும். ஆங்கிலத்தில் அச்சிட்டவர்களுக்கு இது பெரும்பாலும் பதிப்பு எண் சார்ந்த சிக்கலாக இருந்தது. தமிழில் அச்சிட்டவர்களுக்கோ எழுத்தே காணாமற்போகும் சிக்கலாக இருந்தது. ஏறத்தாழ 1990 முதல் 2010 வரை தமிழ்நாட்டின் சிற்றூர்களில் அச்சான மலர்கள், தல வரலாறுகள், உள்ளூர்ப் புலவர்களின் நூல்கள் பலவற்றின் கணினிக் கோப்புகள் இன்று திறக்க முடியாத நிலையில் இருப்பதற்கு இதுவே காரணம். விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தைச் சான்றாகக் கொண்டு இந்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஈய எழுத்தும் எழுத்துச் சீர்திருத்தமும்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வானம் பார்த்த பூமி. கண்மாய்ப் பாசனமும் மானாவாரிப் பயிரும் கைத்தறி, விசைத்தறி நெசவும் இப்பகுதியின் வாழ்வாதாரங்கள். பக்கத்தில் உள்ள சிவகாசி, தீப்பெட்டித் தொழிலோடு வளர்ந்த அச்சுநகரம். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அங்கே கல்லச்சும், பின்னர் ஆஃப்செட் அச்சும் பெருகின. நாட்காட்டி, நாட்குறிப்பு, பள்ளிக் குறிப்பேடு என்று தொழில் விரிந்தது. அருப்புக்கோட்டை வட்டாரத்தார் சிறிய வேலைகளை உள்ளூர் அச்சகத்தில் முடித்துக்கொள்வார்கள். வண்ண அட்டையோ நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்களோ இருந்தால் சிவகாசிக்குப் பேருந்து ஏறுவார்கள்.

உள்ளூர் அச்சகம் என்றால் ஒரு டிரெடில் எந்திரமும், ஈய எழுத்துகள் நிறைந்த மரப்பெட்டிகளும், இரண்டு மூன்று அச்சுக்கோப்பவர்களும்தான். கோயில் பொங்கல் நோட்டீஸ், காதணி விழா அழைப்பு, கூட்டுறவுச் சங்க ரசீதுப் புத்தகம், பள்ளி வினாத்தாள் ஆகியவை அங்கே அச்சாகின. ஈய எழுத்தில் பரிமாற்றச் சிக்கலே எழவில்லை. எழுத்தைக் கோத்தவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், தாளில் விழுந்த எழுத்தை எவரும் படிக்கலாம்.

இந்த எழுத்துப் பெட்டிகளைச் சற்று எளிதாக்கியது தமிழ்நாட்டு அரசின் எழுத்துச் சீர்திருத்த ஆணை. 1977 தேர்தலில் அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று முதலமைச்சரான எம்.ஜி.ராமச்சந்திரனின் அரசு, 1978 அக்டோபரில் இந்த ஆணையை வெளியிட்டது. பெரியார் நீண்ட காலம் வலியுறுத்திய மாற்றங்களுள் ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகளின் புதிய வடிவங்களை அது ஏற்றது. தனித்தனி அச்சுகளாக இருந்த வடிவங்கள், பொதுவான துணைக்காலும் ஐகாரக் குறியும் கொண்டு எழுதப்பட்டன. பின்னாளில் தமிழைக் கணினி எழுத்துருவுக்குள் அடக்க முயன்றவர்களுக்கு இந்தக் குறைப்பு பேருதவியாயிற்று. அடுத்த பகுதிகளில் அதன் காரணம் விளங்கும்.

பேஜ்மேக்கரின் வருகை

அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த ஆல்டஸ் நிறுவனம் 1985-இல் மெக்கின்டாஷ் கணினிக்காகப் பேஜ்மேக்கரை வெளியிட்டது. அந்நிறுவனத்தைத் தொடங்கிய பால் பிரெய்னர்டு இத்தொழிலுக்கு வைத்த பெயர்தான், நம் ஊர்ப் பலகைகளில் 'டிடிபி' என்று சுருங்கியது. 1987-இல் விண்டோஸுக்கான பேஜ்மேக்கர் வந்தது. 1994-இல் ஆல்டஸ் நிறுவனம் அடோபியுடன் இணைந்தது. 1996-இல் 6.5 பதிப்பும், 2001-இல் 7.0 பதிப்பும் வெளியாயின. 7.0 தான் கடைசிப் பெரிய பதிப்பு.

தமிழ்நாட்டில் 1990-களில் டிடிபி சென்டர்கள் பெருகின. தட்டச்சுப் பயிலகம் நடத்தியவர்கள், அச்சுக்கோப்பவர்களின் பிள்ளைகள், வேலை தேடிய பட்டதாரிகள் எனப் பலர் ஒரு கணினியும் லேசர் அச்சுப்பொறியும் வாங்கிக் கடை போட்டனர். பேஜ்மேக்கர் 6.5 அவர்களுடைய அன்றாடக் கருவி ஆயிற்று. அழைப்பிதழ், சுவரொட்டி போன்றவற்றுக்குக் கோரல்டிரா பயன்பட்டது.

பேஜ்மேக்கரின் பதிப்புகளுக்கு இடையில் ஒரு விதி இருந்தது. புதிய பதிப்பு பழைய கோப்பைத் திறக்கும். பழைய பதிப்பு புதிய கோப்பைத் திறக்காது. பழைய கோப்பைத் திறக்கும்போதும் நேரடியாகத் திறக்காமல், புதிய வடிவுக்கு மாற்றிய பெயரிடப்படாத ஒரு நகலையே திரையில் காட்டும். 6.5 பதிப்பின் கோப்புப்பெயர் 'பி65' என்றும், 7.0 பதிப்பின் கோப்புப்பெயர் 'பிஎம்டி' என்றும் முடியும். 7.0-இல் வேலை செய்தவர், 6.5 வைத்திருப்பவருக்குக் கொடுக்க வேண்டுமானால் பழைய வடிவில் ஒரு நகலைச் சேமித்துக் கொடுக்கலாம். கோரல்டிராவிலும் சேமிக்கும் பெட்டியிலேயே எந்தப் பதிப்புக்கு என்று தேர்ந்தெடுக்க வழி இருந்தது. ஆகவே பதிப்பு எண் மட்டும் சிக்கலாக இருந்திருந்தால், ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்திருக்கும். உண்மையான சிக்கல் எழுத்துருவில் இருந்தது.

எழுத்து எங்கே இருந்தது?

கணினிக் கோப்பில் எழுத்து, எழுத்தாகச் சேமிக்கப்படுவதில்லை, எண்ணாகவே சேமிக்கப்படுகிறது. ஆங்கிலத்தில் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது உலகம் முழுவதும் ஒன்றே. எழுத்துருவை மாற்றினால் எழுத்தின் தோற்றம் மாறுமே தவிர 'ஏ' என்பது 'பி' ஆகிவிடாது.

அன்றைய தமிழ் எழுத்துருக்களின் நிலை வேறு. ஒரு எழுத்துருவில் 256 இடங்களே இருந்தன. அவற்றிலும் சில பயன்படுத்த முடியாதவை. தமிழ் எழுத்துகளோ 247. கிரந்த எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் இவற்றுக்கு மேல். எனவே எழுத்துகளை உறுப்புகளாகப் பிரித்து, ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தினார்கள். சீர்திருத்த ஆணையால் பல தனி வடிவங்கள் நீங்கியிருந்தது இங்கேதான் கைகொடுத்தது. எந்த வடிவத்தை எந்த எண்ணில் வைப்பது என்பதை எழுத்துரு செய்தவர்களே முடிவு செய்தனர். பாமினி, ஸ்ரீலிபி, இளங்கோ, வானவில் என ஒவ்வொன்றும் ஒரு முறை. ஒரே நிறுவனத்தின் எழுத்துருக்களிலேயே பல முறைகள் இருந்ததும் உண்டு.

பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டச்சுச் செய்தால் கோப்பில் பதிவது ஆங்கிலச் சிறிய எழுத்துகளான ஜே, கே, பி, ஓ ஆகியவையும் ஓர் அரைப்புள்ளியும்தான். ஜே-யின் இடத்தில் த, கே-யின் இடத்தில் ம, பி-யின் இடத்தில் இகரக் குறி, ஓ-வின் இடத்தில் ழ, அரைப்புள்ளியின் இடத்தில் மெய்ப்புள்ளி. பாமினி இருக்கும் கணினியில் அது 'தமிழ்'. பாமினி இல்லாத கணினியில் பொருளற்ற ஐந்து குறிகள். அதாவது, தமிழ் கோப்புக்குள் இல்லை; எழுத்துருவுக்குள்தான் இருந்தது.

இதனால் விளைந்த தொல்லைகள் பல. பாமினியில் பெரிய எழுத்து ஜே-யின் இடத்தில் 'து' இருந்தது. வேர்டில் தட்டச்சுச் செய்யும்போது, வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும் வசதி விழித்திருந்தால் 'தமிழ்' என்பது 'துமிழ்' ஆகிவிடும். மேற்கோள்குறியைத் தானாக வளைக்கும் வசதி, அந்த இடத்தில் இருந்த தமிழ் வடிவத்தை வேறொன்றாக்கும். ஆங்கிலச் சொற்களைப் பிரித்து அடுத்த வரிக்குக் கொண்டுசெல்லும் வசதி, தமிழ்ச் சொற்களையும் ஆங்கிலம் என்று நினைத்துக் கண்ட இடத்தில் வெட்டும். பேஜ்மேக்கர் தெரிந்தவர் என்றால் முதலில் இந்த வசதிகளை நிறுத்தத் தெரிந்தவர் என்று பொருள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்து சேமிக்கப்படும். 'கோயில்' என்ற சொல்லில் முதலில் இரட்டைக் கொம்பு, அடுத்து க, பின்னர் துணைக்கால் என்று மூன்று எண்கள். இன்றைய ஒருங்குறி முறையில் முதலில் க, அடுத்து ஓகாரக் குறி. பழைய கோப்புகளை மாற்றுகையில் கொம்பும் காலும் இடம் மாறித் தடுமாறுவது இதனால்தான்.

அருப்புக்கோட்டையிலிருந்து சிவகாசிக்கு

கோப்பு போன வழியைப் பார்ப்போம். அருப்புக்கோட்டையில் ஒரு டிடிபி கடையில் பக்கம் அமைத்தபின், ஒரே வண்ண வேலையாக இருந்தால் கோப்பைக் கொண்டுபோவதே இல்லை. லேசர் அச்சுப்பொறியில் டிரேசிங் தாளில் அச்செடுத்து, சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் போய்விடலாம். அந்தத் தாளை வைத்தே அச்சகத்தில் பிளேட் போடுவார்கள். எழுத்துரு பிரச்சினையைத் தாளே தீர்த்துவைத்தது.

பல வண்ண வேலையில் ஃபிலிம் எடுக்கக் கோப்பே வேண்டும். 1.44 மெகாபைட் கொள்ளும் ஃப்ளாப்பியில் அட்டைப்படம் அடங்காது, எனவே சிடி. பேஜ்மேக்கரில் வைக்கும் படங்கள் பெரும்பாலும் கோப்புக்குள் இல்லாமல் வெளியே இணைப்பாக இருக்கும். பக்கக் கோப்பை மட்டும் கொண்டுபோனவர்கள் படத்துக்காக மறுபடியும் ஊர் திரும்பினார்கள். எழுத்துருவை மறந்தவர்களுக்கும் அதே கதி. எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால், பனோஸ் என்ற பெயருடன் ஒரு சிறு பெட்டி தோன்றி, காணாமற்போன எழுத்துருவுக்குப் பதில் எதை வைக்கலாம் என்று கேட்கும். எதை வைத்தாலும் தமிழ் வராது.

எழுத்துருவைக் கையோடு கொண்டுபோவதிலும் தடைகள் இருந்தன. சில தமிழ் மென்பொருள்கள் வன்பூட்டு எனப்படும் சிறு கருவியைக் கணினியில் செருகினால் மட்டுமே வேலை செய்யும். உரிமம் வாங்கிய எழுத்துருவை நகலெடுத்துத் தருவது சட்டப்படி சரியா என்ற கேள்வியும் இருந்தது. டைப் 1 வகை எழுத்துருவுக்கு இரண்டு கோப்புகள் தேவை. ஒன்றை மட்டும் கொண்டுபோனால் பயனில்லை.

இதற்கு மாற்றாகக் கோரல்டிராவில் எழுத்துகளை 'கர்வ்ஸ்' ஆக்கும் வழக்கம் பரவியது. அப்படிச் செய்தால் ஒவ்வோர் எழுத்தும் வெறும் கோட்டுருவம் ஆகிவிடும். எந்தக் கணினியிலும் மாறாமல் தெரியும். ஆனால் அதன்பின் அது எழுத்து அன்று, படம். ஒரு பிழையைத் திருத்த வேண்டுமென்றாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கர்வ்ஸ் ஆக்குமுன் ஒரு நகல் எடுத்துவைக்காதவர்களின் கோப்புகளில் இன்று தேடிப் படிக்கத்தக்க எழுத்து ஒன்றுகூட இல்லை.

தரப்படுத்தும் முயற்சிகள்

இச்சிக்கல் அருப்புக்கோட்டைக்கு மட்டும் உரியதன்று. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு, சுவிட்சர்லாந்தில் வாழும் கு.கல்யாணசுந்தரம் உருவாக்கிய மயிலை எழுத்துரு, ஈழத் தமிழரிடையே பரவிய பாமினி என்று, இணையத்தில் சந்தித்த தமிழர்கள் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியாமல் தவித்தனர். 1997-இல் சிங்கப்பூரில் நடந்த தமிழிணைய மாநாடு இதைப் பொதுப் பேச்சாக்கியது. மின்னஞ்சல் குழுக்களில் விவாதித்துத் 'தகுதரம்' எனப்படும் திஸ்கி முறை உருவாயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டின் விளைவாக, தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த 'டாப்', தமிழ் மட்டுமேயான 'டாம்' என்ற இரு குறியீட்டு முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தமிழ்நாட்டு அரசு ஏற்றது. 2000-இல் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தொடங்கியது.

இவற்றுக்கு முன்பே, 1991-இல் வெளியான ஒருங்குறியின் முதல் பதிப்பில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. இந்திய அரசின் இஸ்கி முறையைத் தழுவி அமைந்த அந்தப் பகுதியில் தமிழுக்கு 128 இடங்கள். உயிர், மெய், உயிர்க்குறி, புள்ளி ஆகியவற்றுக்கு மட்டும் எண் தரப்பட்டது. உயிர்மெய் எழுத்துகளை உரிய வடிவில் சேர்த்துக் காட்டுவது மென்பொருளின் வேலை. விண்டோஸ் 2000 இயங்குதளம் லதா எழுத்துருவுடன் இதைச் செய்துகாட்டியது. அதன்பின் வலைப்பதிவுகளும் 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் ஒருங்குறியிலேயே வளர்ந்தன.

ஆனால் அச்சுத்துறை அசையவில்லை. பேஜ்மேக்கருக்கு ஒருங்குறி தெரியாது. இணையத்தில் ஒருங்குறியில் எழுதியவர்கூட நூலாக அச்சிட வேண்டுமானால், அதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றியே கொடுக்க வேண்டியிருந்தது. இந்த இடைவெளியை நிரப்ப முன்வைக்கப்பட்டதுதான் டேஸ்16. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தந்து, ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அது அமைந்தது. எழுத்துகளைச் சேர்த்துக் காட்டத் தெரியாத பக்க அமைப்பு மென்பொருளிலும் அது இயங்கும் என்பது நோக்கம். கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூனில், ஒருங்குறியையும் டேஸ்16-ஐயும் தரமாக ஏற்றுத் தமிழ்நாட்டு அரசு ஆணையிட்டது. நடைமுறையில் ஒருங்குறியே நிலைத்தது.

இன்டிசைனும் பதிப்பு ஏணியும்

அடோபி நிறுவனம் 1999-இல் இன்டிசைன் என்ற புதிய மென்பொருளை வெளியிட்டது. பேஜ்மேக்கர் 6.0 முதல் 7.0 வரையிலான கோப்புகளை இன்டிசைன் திறந்து மாற்றித் தந்தது. ஆனால் இந்த வசதி 2012-இல் வந்த சிஎஸ்6 பதிப்போடு முடிந்தது. 2013-க்குப் பின் மாதச் சந்தாவில் வரும் கிரியேட்டிவ் கிளவுட் பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்பைத் திறப்பதில்லை.

இன்டிசைனின் பதிப்புகளுக்கு இடையிலும் பழைய விதியே நீடிக்கிறது. மேல்படியில் உள்ள பதிப்பில் சேமித்த கோப்பைக் கீழ்ப்படியில் உள்ளது திறக்காது. இதற்காக ஐஎன்எக்ஸ் என்ற இடைவடிவமும், 2008-இல் வந்த சிஎஸ்4 முதல் ஐடிஎம்எல் என்ற வடிவமும் ஏற்பட்டன. புதிய பதிப்பு வைத்திருப்பவர் ஐடிஎம்எல் ஆக எடுத்துத் தந்தால், சிஎஸ்4-க்குப் பிந்திய எந்தப் பதிப்பும் அதைத் திறக்கும். பக்க அமைப்பைத் திறந்து பார்க்கத்தக்க உரைக் குறியீடாக வைத்திருப்பது ஐடிஎம்எல்-இன் சிறப்பு.

தமிழுக்குப் பெரிய மாற்றம் சிஎஸ்6-இல் வந்தது. தமிழ் உட்பட இந்திய மொழிகள் பத்துக்கு அதில் ஆதரவு கிடைத்தது. பேஜ்மேக்கரைத் திறக்கத் தெரிந்த கடைசிப் பதிப்பும் தமிழ் ஒருங்குறியை முறையாகக் கையாளும் முதற்பதிப்பும் ஒன்றாகவே அமைந்தன. அந்த ஒரு பதிப்பின் காலத்தில் பழைய கோப்புகளைக் கரையேற்றியிருக்கலாம். சிற்றூர்களில் அதைச் செய்தவர்கள் குறைவு. பேஜ்மேக்கரும் பழைய எழுத்துருவும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது புதிய மென்பொருளுக்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்ற கணக்கு நியாயமானதே.

2023 ஜனவரியில் அடோபி தன் மென்பொருள்களில் டைப் 1 எழுத்துருக்களுக்கான ஆதரவை நிறுத்தியது. அவ்வகை எழுத்துருவில் அமைந்த பழைய தமிழ்க் கோப்புகளுக்கு இன்னொரு கதவும் மூடியது.

பிடிஎஃப் தீர்த்ததும் தீர்க்காததும்

1993-இல் அடோபி வெளியிட்ட பிடிஎஃப் வடிவம் பக்கத்தோடு எழுத்துருவையும் உள்ளே பொதிந்துகொள்ளும். எனவே எந்தக் கணினியிலும் பக்கம் மாறாமல் தெரியும். சிவகாசிக்கு டிரேசிங் தாளும் சிடியும் கொண்டுபோன காலம் போய், மின்னஞ்சலில் பிடிஎஃப் அனுப்பும் காலம் வந்தது. அச்சடிப்பதைப் பொறுத்தவரை இது முழுத் தீர்வு.

பாதுகாப்பதைப் பொறுத்தவரை பாதித் தீர்வுதான். பழைய எழுத்துருவில் அமைந்த பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கினால் கண்ணுக்குத் தமிழ் தெரியும். உள்ளே இருப்பது பழைய எண்களே. அதில் 'திருச்சுழி' என்று தேடினால் கிடைக்காது. ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கிலக் குறிகள்தான் வரும். பார்வையற்றோருக்குப் படித்துக்காட்டும் மென்பொருளும் அந்தக் குறிகளையே வாசிக்கும்.

இதற்கு நேர்மாறான சான்று மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் முதலியோர் தொடங்கிய இந்தத் தன்னார்வ முயற்சி, பழந்தமிழ் நூல்களை மின்னுரையாக்கியது. அதன் நூல்களும் பழைய குறியீட்டில் தொடங்கித் திஸ்கிக்கும், பின்னர் ஒருங்குறிக்கும் மாறின. ஒவ்வொரு மாற்றமும் இயன்றதற்குக் காரணம், அவை பக்க அலங்காரத்துக்குள் பூட்டப்படாத எளிய உரைகளாக இருந்ததுதான்.

ஒரு பள்ளி மலரின் அனுபவம்

இங்கே என் அனுபவம் ஒன்றைக் குறிப்பிடுவது பொருந்தும். 2001-02 கல்வியாண்டில் நான் பணியாற்றிய பள்ளியின் ஆண்டு மலருக்காக, எட்டாம் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் தத்தம் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, கண்மாய்களின் பெயர், மடைகளின் பெயர், எந்த மடைநீர் எந்த வயலுக்குப் பாயும் என்ற விவரங்களை எழுதிவந்தார்கள். பேஜ்மேக்கர் 6.5-இல் பக்கம் அமைந்தது. சிடியைக் கொண்டுபோனபோது அச்சகத்துக் கணினியில் எல்லாம் குறிகளாகத் தெரிந்தன. ஊர் திரும்பி எழுத்துருவை வாங்கிச் செல்வதற்குள், அவர்கள் அதே பெயருள்ள எழுத்துரு தங்களிடம் இருப்பதைக் கண்டுபிடித்து வேலையை முடித்துவிட்டார்கள்.

பெயர் ஒன்றுதான், எழுத்தின் அகலம் சற்று வேறு. வரிகள் நகர்ந்தன. பேஜ்மேக்கரில் ஒரு கட்டத்துக்குள் அடங்காத உரை அழியாது. கட்டத்தின் அடியில் ஒரு சிவப்பு முக்கோணத்தைக் காட்டிவிட்டு மறைந்திருக்கும். அதை யாரும் கவனிக்கவில்லை. மலர் அச்சாகி வந்தபின் பார்த்தால், ஒரு பட்டியலின் கடைசியில் மூன்று கண்மாய்களைக் காணோம். எழுதிய மாணவன் வந்து, "ஐயா, எங்க ஊர் கண்மாய் விட்டுப்போச்சு" என்றான். அடுத்த ஆண்டு மலரில் சேர்க்கலாம் என்றேன். அடுத்த ஆண்டு மலர் வரவில்லை.

ஓய்வுபெற்றபின் அந்தச் சிடியைத் தேடி எடுத்தேன். மலரின் அச்சுப்படி ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதையும் கரையான் தொட்டிருந்தது. அருப்புக்கோட்டையில் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்த ஒரு டிடிபி கடைக்காரர் கோப்பைத் திறந்துகொடுத்தார். உரையைத் தனியே வெளியேற்றி ஒருங்குறிக்கு மாற்றினோம். கட்டத்துக்குள் மறைந்திருந்த வரிகளும் வெளியே வந்தன. மூன்று கண்மாய்களும் அவற்றின் மடைகளும் அங்கே இருந்தன. அவற்றைச் சொன்ன பெரியவர் காலமாகிவிட்டார் என்று பின்னர் அறிந்தேன். அச்சுப்படியில் இல்லாத செய்தியைக் கோப்பு காத்துவைத்திருந்தது; ஆனால் அதைத் திறக்க ஒரு பழைய கணினி மிஞ்சியிருக்க வேண்டியிருந்தது.

பழைய கோப்பை மீட்கும் முறை

பள்ளி, கோயில், சங்கம், நூலகம் ஆகியவற்றில் பழைய சிடிகள் இருந்தால் கீழ்க்காணும் வரிசையில் முயலலாம்.

1. முதலில் சிடியில் உள்ள அனைத்தையும் வேறு இரண்டு இடங்களில் நகலெடுக்க வேண்டும். சிடியும் காலத்தால் கெடும். மூலக் கோப்பில் நேரடியாக வேலை செய்யக் கூடாது.

2. கோப்புப்பெயரின் இறுதியைப் பார்த்து மென்பொருளையும் பதிப்பையும் அறிய வேண்டும். எழுத்துருக் கோப்புகள் அதே சிடியில் இருந்தால் அவற்றையும் எடுத்துவைக்க வேண்டும்.

3. பேஜ்மேக்கர் கோப்பானால் பேஜ்மேக்கர் 6.5 அல்லது 7.0 உள்ள பழைய கணினியிலோ, இன்டிசைன் சிஎஸ்6 வரையிலான பதிப்பிலோ திறக்கலாம். எழுத்துரு இல்லாவிட்டாலும் அஞ்ச வேண்டாம். திரையில் குறிகளாகத் தெரிந்தாலும் உள்ளே எண்கள் பத்திரமாக இருக்கும்.

4. ஒவ்வொரு கட்டுரையின் உரையையும் தனித்தனியே வெளியேற்ற வேண்டும். ஒரே பக்கத்தில் இரண்டு எழுத்துருக்கள் இருந்தால் அவற்றைப் பிரித்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று சரியாக மாறும்போது மற்றொன்று சிதையும்.

5. எந்த எழுத்துரு என்று தெரிந்தால் அதற்குரிய மாற்றியைப் பயன்படுத்தலாம். நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வெளியிட்ட என்எச்எம் மாற்றி, சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி ஆகியவை பல பழைய முறைகளை ஒருங்குறிக்கு மாற்றும்.

6. மாற்றிய உரையை அச்சுப்படியோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்க்க வேண்டும். கொம்பு, துணைக்கால், ஔகாரம், மேற்கோள்குறி, இடையில் வந்த ஆங்கிலச் சொற்கள், எண்கள் ஆகியவற்றில் பிழை மிகுதியாக இருக்கும்.

7. முடிவில் மூன்றைச் சேர்த்து வைக்க வேண்டும்: ஒருங்குறியில் எளிய உரைக்கோப்பு, பக்கத்தின் தோற்றத்துக்காக எழுத்துரு பொதிந்த பிடிஎஃப், மூலக் கோப்பு.

புதிதாக மலர் வெளியிடும் பள்ளிகள் ஏழாவது படியிலிருந்தே தொடங்கலாம். அச்சகத்திலிருந்து அச்சுப்படிகளை வாங்கும்போதே, கர்வ்ஸ் ஆக்காத கோப்பையும் ஒருங்குறி உரையையும் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

முடிவுரை

பக்க அமைப்பு மென்பொருள்களின் பதிப்புகள் ஏறக்குறைய ஆண்டுதோறும் மாறுகின்றன. ஒரு பதிப்பில் செய்ததை மற்றொன்றில் திறக்கும் வழியை நிறுவனங்கள் சில காலம் வைத்திருந்து, பின்னர் மூடிவிடுகின்றன. ஆங்கிலத்தில் அப்போதும் எழுத்து மிஞ்சுகிறது. தமிழில், ஒருங்குறிக்கு முந்திய இருபது ஆண்டுக் காலத்தில், எழுத்தும் எழுத்துருவோடு போயிற்று. அக்காலத்துப் பெருநூல்கள் மறுபதிப்பாகவோ மின்னூலாகவோ பிழைத்துக்கொள்ளும். முந்நூறு படி அச்சிட்ட ஊர் மலருக்கும் தல வரலாற்றுக்கும் அந்த வாய்ப்பு இல்லை.

அவற்றைத் திறக்கத் தெரிந்தவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். பேஜ்மேக்கரில் நாள்தோறும் வேலை பார்த்த அந்த டிடிபி கடைக்காரர்களுக்கு இன்று ஐம்பது, அறுபது வயது. மாணவர்கள் தங்கள் பள்ளி அலமாரியில் உள்ள சிடிகளோடு அவர்களைத் தேடிச் செல்லலாம். எழுத்துருவின் பெயரை நினைவிலிருந்து சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.